நிம்ஃப் என்று எழுதினால் போதுமா? கிரேக்கப் புராணத்தின் சிறு பெண்பாத்திரங்களுக்குக் குறிப்பு எழுதும் முறை

#1 ஏட்டுப்பூச்சி

வணக்கம். ஹீரா, அதீனா, அஃப்ரோடைட்டி பற்றித் தமிழில் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. ஒரே காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போகிற பெண்களுக்குத்தான் உருப்படியான குறிப்பு இல்லை. எய்டோதியா, ஹக்னோ, சல்மாக்கிஸ், க்ளைட்டி மாதிரியானவர்கள். இருக்கிற குறிப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை: "இவள் ஓர் அழகிய வன தேவதை. இன்ன தெய்வம் இவளை விரும்பியது. இவள் மரமானாள்." பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும்.

கேட்க வேண்டியவை மூன்று. நிம்ஃபுக்கு, அதாவது நீர், மரம், மலை என்று ஓரிடத்தில் உறையும் இளம்பெண் தெய்வத்துக்கு, தமிழில் என்ன சொல் போடலாம்? நையாட் (நீர்), ட்ரையட் (மரம்) என்ற வகைப்பாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒருத்திக்கே மூன்று கதை இருந்தால் எதை முதலில் வைப்பது?

#2 தொல்சுவடி

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட், தெய்வங்களின் பிறப்பைப் பாடும் தன் 'தியோகோனி'யில், உலகைச் சுற்றி ஓடும் ஆற்றுத் தெய்வமான ஓகியானோஸின் மகள்கள் 3,000 பேர் என்கிறார். பெயர் சொல்வது 41 பேருக்கு. ஆறுகளாகப் பிறந்த சகோதரர்களும் அத்தனை பேர். எல்லா ஆற்றின் பெயரையும் ஒரு மனிதனால் சொல்லி மாளாது, ஆனால் அந்தந்தக் கரையில் குடியிருப்பவனுக்குத் தன் ஆற்றின் பெயர் தெரியும் என்று அங்கே ஒரு வரி வருகிறது. இந்த இழைக்கு அந்த ஒரு வரி போதும். நிம்ஃப் என்பவள் முதலில் ஒரு ஊற்று, ஒரு மலைச்சரிவு, ஒரு தோப்பு. கதை அதன்மேல் ஏறியது. ஊரைச் சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான்.

ஆகவே இடத்தை முதலில் எழுதுங்கள். அடுத்து, கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று எது, எந்த நூற்றாண்டு என்று எழுதுங்கள். பிறகு பெற்றோர். அதன்பின் அவள் *செய்தது* என்ன. அவளுக்கு *நேர்ந்தது* என்ன என்பது அதற்கும் அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நீங்கள் சொன்ன அச்சுவாசகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போலோ துரத்த மரமான டாஃப்னியைப் பாருங்கள். ரோமானியக் கவிஞர் ஓவிடிடம் அவள் தெசலியில் ஓடும் பெனேயஸ் ஆற்றின் மகள். கிரேக்கத்தை ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பௌசானியஸ் ஆர்க்கேடியாவின் லாடோன் ஆற்றின் மகள் என்கிறார். பார்த்தேனியஸ் தொகுத்த கதையில் லக்கோனியாவைச் சேர்ந்த அமிக்ளாஸின் மகள். அங்கே லியூக்கிப்பஸ் என்ற இளைஞன் பெண் வேடமிட்டு அவளோடு வேட்டைக்குப் போகிறான். ஊர் மாற அப்பாவும் மாறுகிறார். "டாஃப்னியின் தந்தை பெனேயஸ்" என்று மட்டும் எழுதினால் மற்ற இரண்டு ஊர்களும் காணாமல் போய்விடும்.

#3 அலைவாய்

சொல் விஷயம். 'வன தேவதை' வேண்டவே வேண்டாம். பாதிப் பேர் நீரில் இருக்கிறார்கள், கால்வாசிப் பேர் கடலில்.

நம்மிடம் வரையரமகளிர், நீரரமகளிர், சூரரமகளிர் என்று பழஞ்சொற்கள் தயாராகவே இருக்கின்றன. மலையில் இருப்பவள், நீரில் இருப்பவள் என்று இடத்தை வைத்தே பெயர். தொல்சுவடி ஐயா சொன்னதற்கும் ஒத்துப்போகிறது.

#4 தொல்சுவடி

விளக்கச் சொல்லாக ஒருமுறை போடலாம். தலைச்சொல்லாகப் போட்டால் சிக்கல். அரமகளிர் என்றதும் நம் மரபின் அச்சம், அணங்கு எல்லாம் கூடவே வரும். கிரேக்கச் சொல்லில் இருக்கும் வேறொரு பொருள் விட்டுப்போகும்.

நிம்ஃபே என்றால் கிரேக்கத்தில் மணப்பெண், மணப் பருவத்தவள். 'இலியட்' மூன்றாம் பாடலில் ஐரிஸ் ஹெலனை அப்படித்தான் விளிக்கிறாள். 'ஒடிசி'யில் கிழட்டுச் செவிலி யூரிக்ளியா பெனலபியை அதே சொல்லால் அழைக்கிறாள். இருவரும் மனிதப் பெண்கள், கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்கள். ஏதென்ஸ் அக்ரோபொலிஸின் தென்சரிவில் 'நிம்ஃபே' என்ற பெயரில் ஒரு கோயில் இருந்தது. அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் மிகுதி மணப்பெண்ணின் நீராட்டுக்கு நீர் கொண்டுவரும் நெடுங்கழுத்துக் குடங்கள். ஊற்று, நீராட்டு, மணப்பெண் மூன்றும் அந்த ஒரு சொல்லில் கிடக்கின்றன. ஆகையால் 'நிம்ஃப்' என்றே எழுதிவிட்டு, முதல் முறை வரும்போது "நீரிலோ மரத்திலோ மலையிலோ உறையும் இளம்பெண் தெய்வம்" என்று விரித்துவிடுவது நல்லது.

#5 கரிசல்மேடு

வகைப்பாடு பற்றிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் எல்லாம் ரொம்ப நேர்த்தி: நையாட் நன்னீர், நெரெயிட் கடல், ட்ரையட் மரம், ஓரியட் மலை, லிம்னாட் ஏரி, நாப்பீ பள்ளத்தாக்கு என்று ஏதோ அரசு இலாகா பிரித்த மாதிரி. ஹோமரிடம் இந்த இலாகா கிடையாது. அவர் 'நிம்ஃபுகள்' என்பார், கூடவே "மலையில் வாழும்" என்று ஓர் அடைமொழி போடுவார். 'இலியட்' இருபதாம் பாடலில் ஜீயஸ் சபை கூட்டுகிறார். ஓகியானோஸ் தவிர எல்லா ஆறும் வருகிறது. தோப்பிலும் ஆற்றின் ஊற்றிலும் புல்வெளியிலும் இருக்கும் நிம்ஃபுகள் அத்தனை பேரும் வந்து உட்காருகிறார்கள். ஒரே கூட்டம், தனித்தனி வார்டு இல்லை.

உண்மையில் நிலைத்த வகை மூன்றுதான் தேறும், அதுவும் தகப்பன் வழியாக வருவது. நெரெயஸின் மகள்கள் நெரெயிட்டுகள், ஓகியானோஸின் மகள்கள் ஓகியானிட்டுகள், அட்லஸின் மகள்களில் ப்ளையடீஸ். மற்றதெல்லாம் அடைமொழி பிற்காலத்தில் பெயராகக் கெட்டிப்பட்டது.

#6 நண்டுவளை

நெரெயிட் 50 பேர் என்கிறார்களே, எண்ணினால் கணக்கு வரவில்லை. 'ப்ரோட்டோ' இரண்டு தடவை வருகிறது. எழுத்துப்பிழையா?

#7 கரிசல்மேடு

கைப்படிகளில் அப்படித்தான். 'தியோகோனி'யின் அந்தப் பகுதியில் ப்ரோட்டோ இரண்டு வரியில் வருவதால், பதிப்பாசிரியர்கள் முதலாவதை 'ப்ளோட்டோ' என்று திருத்துவதுண்டு. சில சொற்கள் பெயரா அடைமொழியா என்பதிலும் இழுபறி. அதனால் 50-ஐ ஒட்டி ஒன்றிரண்டு முன்னே பின்னே போகும். 'இலியட்' பதினெட்டாம் பாடலில் அக்கிலீஸின் தாய் தீட்டிஸோடு சேர்ந்து அழ வருபவர்களின் பட்டியல் இன்னும் சின்னது, 33 பெயர். அப்போலோடோரஸ் பெயரிலுள்ள கையேடு 45 பேரைத் தருகிறது. மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்காதீர்கள். பெயருக்கு எதிரே எந்தப் பட்டியல் என்று குறித்துவிடுங்கள், போதும்.

ஆனால் எண்ணிக்கையைவிடப் பெயர்களின் பொருள்தான் தேன். கலேனே என்றால் கடல் அமைதி. யூலிமேனே, நல்ல துறைமுகம். பொன்டோபொரேயா, கடல் கடப்பவள். சாவோ, காப்பவள். ஸ்பேயோ, கடற்குகை. ப்ஸமதே, மணல். நெசாயா, தீவுக்காரி. வரிசையாகப் படித்தால் கப்பல்காரன் வேண்டுதல் மாதிரி இருக்கும். இவர்களில் பாதிப் பேருக்குக் கதையே இல்லை, பெயர்தான் கதை. பொருள் எழுதாமல் ஒலிபெயர்ப்பு மட்டும் போட்டால் அந்தப் பட்டியலை அச்சிடுவதில் அர்த்தமில்லை.

#8 வெள்ளிமீன்

மர நிம்ஃபுகள் சாவார்களா மாட்டார்களா? ஒரு பக்கம் அழியாதவர்கள் என்கிறது, இன்னொரு பக்கம் மரம் விழுந்தால் போச்சு என்கிறது.

#9 தொல்சுவடி

இரண்டுக்கும் நடுவில். அஃப்ரோடைட்டியைப் பாடும் ஹோமரியத் துதியில் இது தெளிவாகவே இருக்கிறது. குழந்தை ஈனியஸை ஈடா மலை நிம்ஃபுகளிடம் வளர்க்கக் கொடுக்கும்போது தேவி சொல்கிறாள்: இவர்கள் மனிதரோடும் சேர்த்தியில்லை, தெய்வங்களோடும் சேர்த்தியில்லை, நீண்ட காலம் வாழ்வார்கள், தெய்வ உணவான அம்புரோசியா உண்பார்கள். இவர்கள் பிறக்கும்போதே தேவதாருவும் ஓக்கும் மண்ணில் முளைக்கும். அவற்றை யாரும் இரும்பால் வெட்டுவதில்லை. சாவு நெருங்கும்போது முதலில் மரம் நின்ற இடத்தில் வாடும், பட்டை சுருங்கும், கிளை உதிரும். பிறகு இருவர் உயிரும் சேர்ந்து பிரியும்.

நீண்ட காலம் என்றால் எவ்வளவு என்பதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. ஹெசியட் சொன்னதாகப் புளூட்டார்க் எடுத்துத் தருகிறார்: காகம் மனிதரின் ஒன்பது தலைமுறை வாழும், மான் காகத்தைப் போல் நான்கு மடங்கு, அண்டங்காக்கை மானைப் போல் மூன்று மடங்கு, ஃபீனிக்ஸ் அதைப் போல் ஒன்பது மடங்கு, நிம்ஃபுகள் ஃபீனிக்ஸைப் போல் பத்து மடங்கு. பெருக்கினால் 9,720 தலைமுறை. இங்கே 'தலைமுறை' என்பதை ஓர் ஆண்டு என்று கொண்டு 9,720 ஆண்டு என்பாரும் புளூட்டார்க்கின் உரையாடலிலேயே இருக்கிறார். இந்த எண்ணை எடுத்தாளும்போது தலைமுறையா ஆண்டா என்பதை விட்டுவிடாதீர்கள். பலரும் வழுக்கும் இடம்.

#10 நண்டுவளை

ஒரு எச்சரிக்கை: மரத்தோடு பிறந்து மரத்தோடு சாகும் நிம்ஃபுக்கு உரிய 'ஹமட்ரையட்' என்ற பெயரைத் தேடினால் ராஜநாகமும் ஒரு வகை பபூன் குரங்கும் வந்து நிற்கும். 'நிம்ஃப்' என்று தேடினால் தும்பியின் இளம்பருவம். 'நிம்ஃபேயா' என்று தேடினால் நம்ம அல்லிப்பூ, அதன் தாவரவியல் பேரினப் பெயரே அதுதான். படம் எடுத்துப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை.

#11 அலைவாய்

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. சூரியனை விரும்பிப் பூவான க்ளைட்டி என்றால் எல்லா இடத்திலும் சூரியகாந்தி படம். ஓவிட் 'மெட்டமார்ஃபசிஸ்' முடித்தது கி.பி. 8 அளவில். சூரியகாந்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். ஓவிட் சொல்வது வயலட்டைப் போன்ற ஒரு பூ, வேர் பிடித்து வைத்திருந்தாலும் சூரியன் போகும் பக்கம் திரும்புவது. ஹீலியோட்ரோப் வகை என்று கொள்வது வழக்கம். "சூரியகாந்தியானாள்" என்று எழுதினால் 1,500 வருடம் பிசகு.

இதே ஜாதிப் பிழை இன்னொன்று: தான் செதுக்கிய சிலையையே காதலித்த பிக்மேலியனின் கதையில் அந்தச் சிலைக்கு 'கலத்தேயா' என்று பெயர் போடுவது. ஓவிடிடம் அந்தச் சிலைக்குப் பெயரே இல்லை. அந்தப் பெயர் அவள்மேல் நிலைத்தது 18ஆம் நூற்றாண்டில். பழைய கலத்தேயா நெரெயிட்; ஒற்றைக்கண் பொலிஃபீமஸ் பாட்டுப் பாடி மயக்கப் பார்த்தவள்.

#12 வெள்ளிமீன்

அப்போ எக்கோ?

#13 தொல்சுவடி

எக்கோவைச் சோதனைப் பொருளாகவே வைத்துக்கொள்ளலாம். நார்சிஸஸை நினைத்து உருகித் தேய்ந்து குரல் மட்டும் மிஞ்சியவள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவ்விருவரையும் ஒரே கதையில் சேர்த்துப் பார்ப்பது நமக்குக் கிடைத்தவரை ஓவிடில்தான் முதலில். கோனோன் சொல்லும் நார்சிஸஸ் கதையில் எக்கோ இல்லை. அமெய்னியாஸ் என்ற இளைஞன் இருக்கிறான். பௌசானியஸ் இன்னொரு வடிவம் தருகிறார்: நார்சிஸஸுக்கு ஓர் இரட்டைத் தங்கை, அவள் இறந்த பிறகு நீரில் தன் முகத்தைப் பார்த்து அவள் சாயலைத் தேடினானாம்.

எக்கோவுக்கும் நார்சிஸஸ் இல்லாத வாழ்க்கை உண்டு. கி.மு. 411இல் அரிஸ்டோஃபனீஸ் மேடையில் அவளைச் சிரிப்புப் பாத்திரமாக ஏற்றினார். பேசுகிறவனின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்லி உயிரை எடுப்பவள். லோங்கஸின் 'டாஃப்னிஸும் க்ளோயியும்' கதையில் அவள் இசை வல்லவள், ஆண்களை அண்டாதவள். பொறாமை கொண்ட மந்தைத் தெய்வம் பான் ஆயர்களை வெறியேற்றுகிறான், அவர்கள் அவளைப் பிய்த்து எறிகிறார்கள். பூமி அந்த உறுப்புகளை மறைத்துவைக்கிறது, அவை இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. எதிரொலிக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஓவிடுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

#14 கரிசல்மேடு

ஓவிடைக் குறை சொல்கிறவர்கள் சல்மாக்கிஸைப் பார்க்க வேண்டும். அவர் கையில் அவள் ஹலிக்கார்னாசஸ் அருகே ஓர் ஊற்றின் சோம்பேறி நிம்ஃப். வேட்டைக்குப் போகமாட்டாள், தலை வாரிக்கொண்டு கிடப்பாள். குளிக்க வந்த ஹெர்மஃப்ரோடிட்டஸ் மேல் பாய்ந்து பின்னிக்கொள்கிறாள், இரண்டு உடலும் ஒன்றாகிவிடுகிறது, அன்றுமுதல் அந்த நீர் ஆண்களை மெலிவிக்கும் நீர். இதுதான் உலகம் அறிந்த கதை.

1995இல் இன்றைய போட்ரும் நகரின் கப்லான் கலேசி முனையில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, 60 வரிச் செய்யுள், ஹலிக்கார்னாசஸ் தன் பெருமையைத் தானே பாடுவது. அதில் சல்மாக்கிஸ் அந்தப் பிள்ளையை ஏற்று வளர்க்கும் செவிலி. வளர்ந்தவன் மனிதருக்குத் திருமண முறையை வகுத்துத் தந்தவன். அவளோ மனிதரின் காட்டு மனத்தை அடக்கிப் பண்படுத்துபவள். உள்ளூர்க்காரன் பெருமையாகச் சொன்னது, ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய்ந்து பிடிக்கிறவளாகிவிட்டது.

நடுவில் விட்ருவியஸ் இருக்கிறார், கட்டடக்காரர் அல்லவா, கதையை ஒரே வீச்சில் தரைக்கு இறக்குகிறார்: அந்த ஊற்று நீர் நல்ல சுவையானது. குடியேறிய கிரேக்கன் ஒருவன் பக்கத்தில் கடை போட்டான். மலையிலிருந்து இறங்கிவந்த பழங்குடியினர் அங்கே வந்து பழகிப் பழகி முரட்டுத்தனம் போனது. "மெலிவிக்கும் நீர்" என்ற பேச்சு அப்படி வந்ததாம்.

#15 ஏட்டுப்பூச்சி

இது பிரமாதம். அப்படியானால் ஓவிடை ஒதுக்கிவிடலாமா?

#16 தொல்சுவடி

கூடவே கூடாது. சிரிங்க்ஸ் நாணற்குழலான கதை, லோட்டிஸ், ட்ரையோப்பி எல்லாம் அவர் இல்லாவிட்டால் நமக்குத் துண்டும் துணுக்குமாகத்தான் இருக்கும். "ஓவிட் இப்படிச் சொல்கிறார், கி.பி. 8" என்று தேதி குத்தி வையுங்கள், அவ்வளவுதான் வேண்டியது. பாடகன் ஓர்ஃபியஸின் மனைவி யூரிடிசிக்கும் அதே சிகிச்சை. அரிஸ்டேயஸ் துரத்த ஓடி, பாம்பு கடித்து இறந்தவள் என்பது வெர்ஜில் கி.மு. 29 அளவில் முடித்த 'ஜியார்ஜிக்ஸ்' நான்காம் பகுதியில் வருவது. அதற்கு முன் ஹெர்மேசியானக்ஸ் ஓர்ஃபியஸின் மனைவியை 'அக்ரியோப்பி' என்கிறார். யூரிப்பிடீஸும் ப்ளேட்டோவும் அவளுக்குப் பெயரே சொல்வதில்லை.

#17 அலைவாய்

இதுவரை பேசியதெல்லாம் துரத்தல், உருமாற்றம். காரியக்காரிகளை விட்டுவிட்டோம். 'ஒடிசி'யில் நாயகர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போதெல்லாம் ஒரு சின்ன பெண்தெய்வம் வந்து செய்முறை சொல்லித் தருகிறாள். கருவி, அளவு, வரிசை, எச்சரிக்கை எல்லாம் சேர்த்து.

எய்டோதியா, உருமாறும் கடற்கிழவர் புரோட்டியஸின் மகள். நான்காம் பாடல். ட்ராய் போர் முடிந்து வீடு திரும்பும் மெனலாஸ் எகிப்துக்கு அப்பால் ஃபாரோஸ் தீவில் 20 நாளாகக் காற்றில்லாமல் கிடக்கிறான். அவள் தன் அப்பாவையே பிடித்துக் கொடுக்கிறாள். மூன்று நல்ல ஆட்களைக் கூட்டிவா என்கிறாள். கடலிலிருந்து நான்கு நீர்நாய்த் தோல் கொண்டுவருகிறாள், அன்றைக்கு உரித்தது. (சீல் என்னும் கடல் விலங்கு, ஆற்று நீர்நாய் அல்ல.) மணலில் படுகுழி தோண்டி, ஆளுக்கொரு தோலைப் போர்த்துகிறாள். அங்கேதான் திட்டம் கெட்டிருக்கும்: நாற்றம் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவன் மூக்கின் கீழும் அம்புரோசியாவைத் தடவுகிறாள். நண்பகலில் கிழவர் வருவார், நீர்நாய்களை ஐந்தைந்தாக எண்ணுவார், ஆட்டு மந்தைக்கு நடுவே மேய்ப்பன் படுப்பதுபோல் படுப்பார். படுத்தவுடன் பிடி. சிங்கம், பாம்பு, சிறுத்தை, காட்டுப்பன்றி, நீர், மரம் என்று மாறுவார். விடாதே, இன்னும் இறுக்கு. படுத்தபோது இருந்த உருவத்துக்குத் திரும்பித் தானே கேள்வி கேட்டால் அப்போது விடு. இவ்வளவுதான் அவள் பங்கு, மறுபடி வரவில்லை. அவள் இல்லாமல் மெனலாஸ் வீடு சேர்ந்திருக்க முடியாது.

கலிப்சோ, ஐந்தாம் பாடல். ஒடிசியஸை ஏழு வருடம் வைத்திருந்தாள் என்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம். அனுப்பும்போது அவள் செய்ததைப் படிக்கிறவர் குறைவு. இருபுறமும் கூராக்கிய வெண்கலக் கோடரி, ஆலிவ் மரப் பிடி. அடுத்து இழைத்த வாய்ச்சி. தீவின் கோடியில் நெட்டையாக நின்று காய்ந்துபோன ஆல்டர், பாப்லர், ஃபிர் மரங்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிறாள். காய்ந்த மரம்தான் லேசாக மிதக்கும், பச்சை மரம் தண்ணீர் குடிக்கும். அவன் 20 மரம் வெட்டிச் செதுக்கிய பிறகு துளைக்கும் கருவிகளைக் கொண்டுவந்து தருகிறாள், அதற்குமுன் தரவில்லை. துளை போட்டு மர ஆணி அடித்துப் பொருத்துகிறான். பக்கங்களில் அலை ஏறாமல் வில்லோ மிலாறு பின்னல். பாய்க்குத் துணி அவள் கொடுத்தது. நான்கு நாளில் வேலை முடிந்து ஐந்தாம் நாள் புறப்பாடு. ஒரு தோற்பையில் கருந்திராட்சை மது, அதைவிடப் பெரிய பையில் தண்ணீர், தனியாக உணவு மூட்டை. கரடி விண்மீன் கூட்டம் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கட்டும் என்பது அவள் சொன்ன வழி. 17 நாள் ஓடி 18ஆம் நாள் கரை தெரிகிறது.

பிறகு பொசைடன் தெப்பத்தை நொறுக்க, லியூக்கோதியா. முன்பு கேட்மஸின் மகள் ஈனோ, மனிதப் பெண். தன் தலைத்துணியைக் கொடுக்கிறாள்: உடையைக் கழற்று, தெப்பத்தை விடு, இதை மார்புக்குக் கீழே கட்டிக்கொண்டு நீந்து. கரையைத் தொட்டதும் அவிழ்த்துக் கடலில் தூர எறி, எறியும்போது முகத்தைத் திருப்பிக்கொள். ஒடிசியஸ் சந்தேகப்பிராணி, தெப்பம் உடையும் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் அதுதான் காப்பாற்றுகிறது.

"அழகிய நிம்ஃப்" என்ற வாசகத்தை இந்த மூவர்மேல் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது.

#18 நண்டுவளை

அலைவாய் அண்ணே, "பச்சை மரம் தண்ணீர் குடிக்கும்" என்பது ஹோமரா நீங்களா?

#19 அலைவாய்

நான்தான். ஹோமர் "வெகுநாள் முன்பே காய்ந்தவை, லேசாக மிதக்கக் கூடியவை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எடுத்தாளும்போது என் வாலை வெட்டிவிடுங்கள்.

#20 கரிசல்மேடு

வழிபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை இல்லாத நிம்ஃபுக்கும் படையல் உண்டு.

'ஒடிசி'யில் பன்றி மேய்க்கும் யூமேயஸ் இறைச்சியை ஏழு பங்கு வைக்கிறான். ஒன்று நிம்ஃபுகளுக்கும் ஹெர்மெஸுக்கும், மீதி ஆறும் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு. ஏதென்ஸில் நிம்ஃபுகளுக்கு மது வார்ப்பதில்லை. ஒலிம்பியாவிலும் அவர்களுக்கு மது கிடையாது என்று பௌசானியஸ் குறிக்கிறார். மதுவில்லாப் படையல் என்றால் தண்ணீர், பால், தேன். கொரிந்துக்கு மேற்கே பிட்சா குகையில் 1934இல் கிடைத்த வண்ணப் பலகைகள் கி.மு. 540-530 அளவிலானவை. ஒன்றில் ஓர் ஆட்டைப் பலிபீடத்துக்கு அழைத்துப் போகிறார்கள், கூடவே குழலும் யாழும். மரத்தில் தீட்டிய கிரேக்க ஓவியம் பிழைத்திருப்பதே அபூர்வம், அது பிழைத்தது நிம்ஃபுகள் தயவில். பர்னாசஸ் மலையின் கொரிக்கியக் குகையில் 20,000-க்கும் மேல் கணுக்கால் எலும்புகள்: ஆடு, செம்மறியுடையவை, தாயக்கட்டைபோல் உருட்டிக் குறி கேட்பதற்கும் விளையாடுவதற்கும் ஆனவை.

எனக்குப் பிடித்தது ஆட்டிக்காவில் வாரி குகை. தேராத் தீவுக்காரர் ஆர்க்கிடேமோஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு, தன்னை 'நிம்ஃப் பிடித்தவன்' என்றே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். குகையைச் செதுக்கினார், நிம்ஃபுகளுக்குத் தோட்டம் போட்டார், கையில் கல்தச்சுக் கருவியோடு தன் உருவத்தையும் சுவரில் செதுக்கினார். அதே குகையில் இன்னொரு பொறிப்பு: குடலை வெளியே கொண்டுபோய்க் கழுவு, சாணத்தை அலசு. பக்தி முற்றிய இடத்திலும் துப்புரவு உத்தரவு வேண்டியிருக்கிறது.

#21 வெள்ளிமீன்

நிம்ஃப் பிடிப்பது என்றால் பேய் பிடிக்கிற மாதிரியா?

#22 தொல்சுவடி

அவ்வளவு முரடில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான். ப்ளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் இலிஸ்ஸோஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசும்போது, "நான் நிம்ஃப் பிடித்தவனானால் ஆச்சரியப்படாதே" என்று சாக்ரடீஸ் சொல்கிறார். வாய் வழக்கத்தை மீறிப் பாட்டாக வருகிறதாம். கொடிய பக்கமும் உண்டு. ஹெராக்ளிஸின் இளந்தோழன் ஹைலாஸ் குடத்தோடு நீர் மொள்ளக் குனிகிறான். அப்போலோனியஸிடம் ஒரே நிம்ஃப் அவன் கழுத்தில் கைபோட்டு இழுக்கிறாள். தியோக்ரிட்டஸிடம் மூன்று பேர், பெயரோடு: யூனிக்கா, மாலிஸ், நைக்கேயா. இங்கேதான் அலைவாய் சொன்ன சூரரமகளிர் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துகிறது.

மழைக்கும் ஒரு நிம்ஃப் இருக்கிறாள், கேள்வியில் ஏட்டுப்பூச்சி பெயர் சொன்ன ஹக்னோ. ஆர்க்கேடியாவின் லிக்கையோன் மலையில் குழந்தை ஜீயஸை வளர்த்த மூவரில் ஒருத்தி, மற்ற இருவர் தெய்சோவா, நெடா. பௌசானியஸ் எழுதுவது: வறட்சி நீண்டு, விதையும் மரமும் வாடினால், லிக்கையோன் ஜீயஸின் பூசாரி நீரை நோக்கி வேண்டி, முறைப்படி பலி கொடுத்து, ஓக் கிளை ஒன்றை ஊற்றின் மேற்பரப்பில் மட்டும் படும்படி தாழ்த்துவார். ஆழமாக விடக்கூடாது. நீர் கலங்கி ஆவிபோல் எழும், அது மேகமாகும், மற்ற மேகங்களை இழுத்து வந்து ஆர்க்கேடியாவில் மழை பெய்யும். கதையாக இரண்டே வரி தேறும் ஒருத்திக்கு இவ்வளவு துல்லியமான சடங்கு.

#23 நண்டுவளை

ப்ளையடீஸ் நம்ம கார்த்திகைதானே? அவர்களுக்கு ஏழு, நமக்கு ஆறு.

#24 கரிசல்மேடு

விண்மீன் கூட்டம் அதேதான். சங்கப்பாட்டில் 'அறுமீன்'. கிரேக்கர்களும் கண்ணுக்குத் தெரிவது ஆறு, பெயர் ஏழு என்று அராட்டஸ் காலத்திலேயே எழுதிவிட்டார்கள். ஏழாவது ஏன் மங்கினாள்? மனிதனான சிசிஃபஸைக் கட்டிக்கொண்ட வெட்கத்தால் மெரோப்பி முகம் மறைத்தாள் என்பது ஒன்று. ட்ராய் எரிவதைப் பார்க்க மாட்டாமல் எலெக்ட்ரா ஒளிந்தாள் என்பது இன்னொன்று. இரண்டு மரபுக்கும் முடிச்சுப் போட ஆரம்பித்தால் இழை வேறெங்கோ போகும். ஒரே வானம், இரண்டு வீட்டுக் கதை.

ஹெசியடுக்கு அவர்கள் உழவு நாட்காட்டி. விடியலில் உதிக்கும்போது அறுவடை, மறையும்போது உழவு, உதிப்பதற்கு முன் 40 இரவு கண்ணில் படமாட்டார்கள்.

எலெக்ட்ரா என்றதும் ஒன்று: ப்ளையட் எலெக்ட்ரா, ஐரிஸுக்குத் தாயான ஓகியானிட் எலெக்ட்ரா, அகமெம்னோன் மகள் எலெக்ட்ரா என்று மூவர். கலிப்சோவும் அப்படியே, ஹோமருடையவள் அட்லஸ் மகள், ஹெசியட் பட்டியலில் ஓகியானிட் கலிப்சோ ஒருத்தி. தலைச்சொல்லிலேயே தந்தை பெயரைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

#25 ஏட்டுப்பூச்சி

எல்லாவற்றையும் வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன். குறை சொல்லுங்கள்.

*அரெதூசா. சிசிலியின் சிரக்யூஸ் நகரத்து ஊற்று நிம்ஃப். ஆல்ஃபேயஸ் ஆற்றிடமிருந்து தப்பிக் கடலுக்கடியில் ஓடி ஒர்டீஜியாவில் வெளிப்பட்டாள். சிரக்யூஸ் நாணயங்கள் எல்லாவற்றிலும் இவள் தலை உண்டு. ஒலிம்பியாவில் ஆற்றில் போட்ட கிண்ணம் இந்த ஊற்றில் வந்து சேர்ந்தது.*

#26 தொல்சுவடி

நல்ல முயற்சி. மூன்று இடம் திருத்த வேண்டும்.

கிண்ணத்தை நடந்ததாக எழுதிவிட்டீர்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ அந்தப் பேச்சை எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கிறார்: ஆறு வழியில் ஏதாவது பிளவுக்குள் விழுந்தால் நம்பலாம், ஆனால் அது கண்ணெதிரே முகத்துவாரமாகக் கடலில் கலக்கிறது, உறிஞ்சும் சுழல் எதுவும் அங்கே இல்லை. பௌசானியஸ் நம்புகிறார். இருவரையும் போடுங்கள்.

நாணயம். டால்ஃபின்கள் சூழ்ந்த பெண் தலையை எல்லாரும் அரெதூசா என்கிறார்கள்தான். ஆனால் 'அரெதோசா' என்று எழுத்தே பொறித்திருப்பது கீமோன் வெட்டிய, முகம் நேராகப் பார்க்கும் நான்கு ட்ராக்மா நாணயத்தில், கி.மு. 405 அளவில். மற்றவற்றுக்கு "அரெதூசாவாகக் கொள்ளப்படும்" என்று எழுதுங்கள்.

கடைசியாக, அவள் எங்கிருந்து ஓடினாள் என்பதே இல்லை. ஊர் இரண்டு, ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

#27 ஏட்டுப்பூச்சி

திருத்தியது:

*அரெதூசா. சிரக்யூஸ் நகரின் ஒர்டீஜியாத் தீவில், கடலோரத்து நன்னீர் ஊற்று; அதன் நிம்ஃப். கிரேக்கத்தின் பெலொப்பொனீஸில் வேட்டையாடித் திரிந்தவள். ஆல்ஃபேயஸ் ஆறு விரும்பித் தொடரக் கடல் கடந்தாள். ஓவிடில் (கி.பி. 8) அவளே தன் கதையைச் சொல்கிறாள், மகளைத் தேடும் தானிய தெய்வம் செரேஸிடம், பாதாளத்தின் வழியே வந்தபோது காணாமற்போன மகளை அங்கே அரசியாகப் பார்த்ததாகவும் துப்புக் கொடுக்கிறாள். ஆறு கடலுக்கடியில் வந்து ஊற்றில் கலப்பதைப் பௌசானியஸ் ஏற்கிறார், ஸ்ட்ராபோ மறுக்கிறார். பெயர் பொறித்த உருவம்: கீமோனின் நாணயம், கி.மு. 405 அளவில். ஊற்று இன்றும் இருக்கிறது, நடுவில் பாப்பிரஸ் கோரை வளர்ந்து நிற்கிறது.*